நாலு வேர் மிச்சம்

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் வேலாத்தாள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "அந்த ஆர்க்கிட் ஊடுங்களா? ரெண்டாவது சந்துல திரும்புங்க" என்பார்கள். வாசல் கிரில்லுக்கு உள்ளே, வெயில் நேராக விழாத மூலையில், இரும்பு ஸ்டாண்டின் மேல் அந்தச் செடி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூர் மலர்க் கண்காட்சியில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு தண்டு விடும். தை பிறக்கும்போது ஊதா நரம்போடிய வெள்ளைப் பூக்கள் பத்துப் பன்னிரண்டு வரிசையாகத் தொங்கும். மாசி கடைசி வரைக்கும் ஒன்றுகூட வாடாது. தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் வேலாத்தாளின் வாசலுக்கு ஒருமுறை கூட்டிவந்து காட்டுவார்கள். அவளும் காபி போட்டுக் கொடுப்பாள்.

மாடியில் இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தவள் நதியா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கணவன் ஜெயபாண்டி கட்டிங் மாஸ்டர். நதியா தொழிற்பேட்டையில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். ஊசித்துளை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒருமுறை லாரி வாசலில் வந்து நின்ற பிறகு, கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது என்று அறுநூறு பீஸை நிறுத்திவைத்தாள். மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினார். "கத்துங்க சார். ஆனா இது போகாது" என்றாள். போகவில்லை.

மாசி முடிந்து பூக்கள் உதிர்ந்ததும் வேலாத்தாள் மெல்போர்னுக்குப் புறப்பட்டாள். அங்கே மகள் மதுமதிக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆறு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். போகும்போது வீட்டுச் சாவியைக் கணவர் வெள்ளியங்கிரியிடம் கொடுத்தாள். செடியை நதியாவிடம் கொடுத்தாள்.

"வாரத்துக்கு ஒருக்கா தண்ணி ஊத்து கண்ணு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். இவுங்களை நம்பி உட்டா மறந்துபோடுவாங்க."

பக்கத்தில் நின்ற வெள்ளியங்கிரி அதை மறுக்கவில்லை. சோமனூரில் இருபது வருஷம் தறி ஓட்டிவிட்டு ஓய்வாக இருப்பவர் அவர். மறதி தன் கூடப் பிறந்தது என்று அவரே சொல்வார்.

அவள் போன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வெள்ளியங்கிரி டி.வி.எஸ்ஸை உள்ளே தள்ளும்போது ஹேண்டில் பார் ஸ்டாண்டில் இடித்தது. சத்தம் கேட்டு நதியா இறங்கி ஓடிவந்தாள். பீங்கான் தொட்டி மூன்றாக உடைந்து கிடந்தது. செடி பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. தொட்டிக்குள் இருந்தது தரையில் கொட்டிக் கறுப்பாகப் பொடிந்து கிடந்தது.

"அம்முணி, தெரியாம இடிச்சுப்போட்டனுங்க." வெள்ளியங்கிரியின் முகம் வெளுத்திருந்தது. "அவ கேட்டா நான் என்னத்தச் சொல்லுவனுங்க?"

"இலை ஒடியலங்கய்யா. பதறாதீங்க. வேற தொட்டியில வச்சிருவோம்."

நதியாவுக்குச் செடி வளர்ப்பதில் பயம் கிடையாது. மொட்டைமாடியில் பெயின்ட் டப்பாக்களில் எட்டு ரோஜாச் செடி வைத்திருந்தாள். நட்டது எதுவும் அவள் கையில் பட்டுப்போனதில்லை. தரையில் சிதறியதைக் கிளறிப் பார்த்தபோது அவளுக்கு ஆச்சரியம். மண் என்று ஒரு பிடிகூட இல்லை. மக்கிய மரத்துண்டும் கரித்தூளும்தான். பாவம், இத்தனை நாள் இதை மண்ணே போடாமல் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தாள். பெரிய மண்தொட்டி ஒன்றை எடுத்து, செம்மண்ணும் காய்ந்த சாணித்தூளும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பி, செடியை நடுவில் வைத்துச் சுற்றிலும் அமுக்கிவிட்டு, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினாள். முடித்துவிட்டுக் கையைக் கழுவும்போது நல்ல வேலை செய்த திருப்தி இருந்தது.

பத்து நாளில் இலைகள் தளர்ந்தன. தோல் செருப்பு மாதிரி விறைப்பாக இருந்தவை ஈரத்தில் நனைந்த அட்டை போலத் தொங்கின. அடியில் இருந்த இலை மஞ்சளாகிக் கழன்று விழுந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நதியா தினமும் ஊற்ற ஆரம்பித்தாள். இரண்டாவது இலையும் மஞ்சளானது. அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒரு நாளிலாவது நிமிர வேண்டும். இது நிமிரவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அடுத்த ஞாயிறு காலையில் தொட்டியை ஸ்கூட்டரில் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு தாராபுரம் ரோட்டில் இருந்த நர்சரிக்குப் போனாள். பின்னாலேயே வெள்ளியங்கிரியும் டி.வி.எஸ்ஸில் வந்தார். நர்சரிக்காரர் டேனியல் தொட்டியைப் பார்த்ததும் குனிந்தார். ஒரு விரலை மண்ணுக்குள் விட்டு, எடுத்து, மோந்து பார்த்தார்.

"மண்ணு யாருங்க போட்டது?"

"நான்தாங்க."

"இது மண்ணுல வாழற சாதியே இல்லீங்க. காட்டுல மரத்து மேல தொத்திக்கிட்டு, வேரைக் காத்துல தொங்கவிட்டுக்கிட்டு இருக்கும். மண்ணுக்குள்ள அமுக்கினா வேரு மூச்சு முட்டி அழுகிப்போயிரும். வேரு அழுகினா தண்ணி குடிக்க முடியாது. அதனால இலை வாடும். இலை வாடுதேன்னு நாம இன்னும் ஊத்துவோம்."

வெள்ளியங்கிரி இடையில் புகுந்து, பழைய தொட்டியில் கறுப்பாக மக்கிப்போன துண்டுகள்தான் இருந்தன என்றார். டேனியல் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கி எத்தனை வருசமாச்சுங்க?"

"மூணு வருசங்க."

"மூணு வருசமா தொட்டியில இருக்கற மரப்பட்டையை மாத்தவே இல்லீங்களா? அப்போ அதுவும் சேறு மாதிரிதான் இருந்திருக்கும். பாதி வேரு முன்னாலயே போயிருக்கும். மிச்சப் பாதிதான் இந்த மண்ணுல போயிருக்குது."

"பொழைக்குங்களா?" என்று நதியா கேட்டாள்.

"பத்துச் செடியில நாலு பொழைக்கும். பொறுமை வேணும். மாசக்கணக்குல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்த நேரத்துல கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியோணும். அதுதானுங்க கஷ்டம்."

என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நதியா இரண்டு முறை திருப்பிக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டாள். மரப்பட்டைத் துண்டும் கரியும் ஒரு பையில் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் வெள்ளியங்கிரி அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்முணி, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. இதே மாதிரி பூவுல புதுச்செடி கோயமுத்தூர்ல கெடைக்கும். அவ வர்றதுக்குள்ள வாங்கி வெச்சுப்போட்டா ஆச்சு. ஆருக்குந் தெரியாது."

"அய்யா, அந்தம்மா ஒவ்வொரு இலையையும் ஈரத்துணி வச்சுத் தொடச்சு வளத்தவங்க. அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? தெரியாட்டியும், தினம் அவங்க வாசலைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகணும். என்னால முடியாது."

"அப்போ பட்டை மாத்தாததையாவது சொல்லிப்போடுங்க. தப்பு உங்களுது மட்டும் இல்லீங்கல்ல."

"அதை நீங்களும் சொல்லாதீங்க. மண்ணு போட்டது நான். அதுக்கு நடுவுல அவங்க தப்பை இழுத்தா, தப்பிக்கப் பாக்குற மாதிரி ஆயிரும்."

வீட்டுக்கு வந்ததும், செடியில் கை வைப்பதற்கு முன்னால், மெல்போர்னுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள். தொட்டி உடைந்தது, தான் மண் போட்டது, தினமும் தண்ணீர் ஊற்றியது. தன் தப்பில் எதையும் குறைக்கவில்லை; தொட்டியை இடித்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. வெள்ளியங்கிரி செல்போனுக்குத் தெரியாத தூரத்தில் நின்றுகொண்டார்.

"மண்ணுலயா?" என்றாள் வேலாத்தாள். முதலில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நம்ப முடியாமல் மறுபடி கேட்டாள். "மண்ணுலயா நட்டே?" பிறகுதான் குரல் ஏறியது. "நான் என்ன சொல்லிப்போட்டு வந்தேன்? தண்ணி மட்டும் ஊத்துன்னேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா என்ன? அத்தனை தெரிஞ்சவளா நீயி?"

"கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்புத்தாங்கம்மா. இப்போ அழுகின வேரை வெட்டிட்டுப் பட்டையில மாத்தி வைக்கப்போறேன்."

"ஒண்ணும் பண்ண வேண்டாம். தூக்கிக் குப்பையில போட்டுரு. நான் வரும்போது அது அங்க இருக்கக்கூடாது."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. வெள்ளியங்கிரி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "போட்டுரலாங்களா?" என்று கேட்டார்.

"கோவத்துல சொல்றாங்கய்யா. உசிரு இருக்கான்னு பாக்காம எப்படித் தூக்கிப் போடுறது?"

மாடி வராந்தாவில் செய்தித்தாளை விரித்து, செடியை மண்ணிலிருந்து எடுத்தாள். வேர்களை வாளித் தண்ணீரில் அலசினாள். அழுகிய வேர்கள் விரல் பட்டதும் தோல் உரிந்து உள்ளே நூலாக நின்றன. கம்பெனியில் நூல் வெட்டும் டிரிம்மரை அடுப்பு நெருப்பில் காட்டி ஆறவைத்து, ஒவ்வொரு வேராகத் தொட்டுப் பார்த்து வெட்டினாள். அமுக்கினால் குழைகிறதா, வெட்டு. உறுதியாக இருக்கிறதா, விடு. செக்கிங் டேபிளில் துணியைத் தள்ளுகிற அதே வேகத்தில் தொடங்கியவள், பாதியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். முடித்தபோது பதினைந்து வேரில் நாலுதான் மிச்சம் இருந்தது. அந்த நாலும் கெட்டியாக இருந்தன. ஒன்றின் நுனியில் சிறிது பச்சைகூட இருந்தது.

அழுகல் பரவாமல் இருக்க, வெட்டிய இடத்தில் எல்லாம் சமையலறையில் இருந்த லவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைத்தாள். ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டாள். பிஸ்கட் வரும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சூடான கம்பியால் சுற்றிலும் ஓட்டை போட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே வேர் தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி போன்ற டப்பாவாகத் தேர்ந்தெடுத்தாள். அதில் மரப்பட்டையும் கரியும் போட்டுச் செடியை நிறுத்தினாள். நாலு வேரால் அதற்கு நிற்க முடியவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது. ஆடினால் புது வேர் விடாது என்று டேனியல் சொல்லியிருந்தார். ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, கழுத்துப்பட்டிக்கு வெட்டியதில் மிஞ்சிய ரிப் துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டினாள். இழுபடும் துணி என்பதால் தண்டை அது அறுக்கவில்லை.

பிறகு தண்ணீர். அந்தத் தெரு போர் தண்ணீரில் உப்பு அதிகம். ரோஜாத் தொட்டிகளில் வெள்ளையாகப் படிந்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். கம்பெனி ஆபீஸ் ஏசியிலிருந்து குழாய் வழியே சொட்டும் தண்ணீரைக் கேனில் பிடித்து, சனிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாட்ச்மேன், "ஏனுங்க, கம்பெனித் தண்ணியக் கடத்தறீங்களா?" என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

செடிக்கு இடம் கிழக்குப் பார்த்த சமையலறை ஜன்னல். காலை எட்டு மணி வரைக்கும் இளவெயில், அதற்கு மேல் ஒரு பழைய துண்டுத் திரை. சித்திரையில் வெயில் ஏறியபோது காற்று வறண்டு இலைகளைச் சுருக்கியது. ஒரு தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து அதன்மேல் டப்பாவை நிறுத்தினாள். பக்கத்தில் பனியன் வேஸ்ட் துணியை நனைத்துத் தொங்கவிட்டாள். உரம் கிடையாது. ஆறு நாளுக்கு ஒருமுறை, அதுவும் டப்பாவுக்குள் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான், தண்ணீர்.

ஐந்து இலையில் மூன்று மிஞ்சின. அந்த மூன்றும் தொய்ந்தே கிடந்தன. ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதமும் போனது.

"அது செத்து ரெண்டு மாசமாச்சு. நீதான் ஒத்துக்க மாட்டேங்குற" என்றான் ஜெயபாண்டி, தோசையைப் பிய்த்துக்கொண்டே.

"சாகல. செத்தா அழுகும். இது அழுகல. யோசிச்சுக்கிட்டு இருக்கு."

"யோசிக்குதா?"

"ஆமா. நீ தலைதீபாவளிக்கு வேட்டி எடுக்க யோசிச்ச மாதிரி."

அவன் அடுத்த தோசைக்குக் கை நீட்டினான். அவள் சொன்னது வெறும் வீம்பு அல்ல. தினமும் காலையில் டப்பாவைக் கையில் எடுத்து வேர்களைப் பார்த்தாள். நாலும் காய்ந்தால் வெள்ளி நிறம், தண்ணீர் பட்டால் பச்சை. நிறம் மாறுகிற வேருக்கு உயிர் இருக்கிறது. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கீழே வெள்ளியங்கிரி தினமும் மனைவியோடு வீடியோவில் பேசினார். வேலாத்தாள் செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நதியாவைப் பற்றியும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், "மேல ஊடு வேற ஆருக்காச்சும் குடுக்கறதான்னு நான் வந்து பாக்கறேன்" என்றாளாம். வெள்ளியங்கிரி அதை இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டுத்தான் நதியாவிடம் சொன்னார். திருப்பூரில் தெற்கத்திக் குடும்பத்துக்கு நல்ல வீடு கிடைப்பது எளிதல்ல.

"வரட்டுங்கய்யா. வந்து பாத்துட்டு முடிவு பண்ணட்டும்" என்றாள் நதியா.

ஆனியில் மேற்குக் காற்று வீசத் தொடங்கியது. சாரல் இரண்டு நாள் விடாமல் பெய்து வெக்கை தணிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, டப்பாவைத் திருப்பிப் பார்த்த நதியாவின் கை அப்படியே நின்றது. கீழ் இலைக்கு அடியில், தண்டைப் பிளந்துகொண்டு, தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு பச்சை முனை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையோடு படியிறங்கி ஓடி வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டுவந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"வேருங்களா?"

"வேருதாங்கய்யா. புது வேரு."

"அட சாமி!" அவர் கைதட்டிவிட்டார். தட்டியபிறகு வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆடி முடிவதற்குள் மூன்று புது வேர்கள் வந்தன. நடுவில் இரண்டு இலைக்கு இடையே நாக்கு நுனி போல ஒரு புது இலை எட்டிப் பார்த்தது. பழைய மூன்று இலைகளும் மெல்ல விறைத்தன.

ஆவணி இரண்டாம் வாரத்தில் வேலாத்தாள் வந்தாள். வந்த அன்று மாடிக்கு வரவில்லை. மறுநாள் காலை நதியா வேலைக்குப் புறப்படும்போது படியேறி வந்து, "எங்க?" என்று மட்டும் கேட்டாள். நதியா சமையலறைக்குக் கூட்டிப்போனாள். வேலாத்தாள் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் ஓர் இலையைத் துடைத்தாள்.

"தூக்கிப் போடச் சொன்னேனே."

"ஆமாங்கம்மா, சொன்னீங்க."

"எம் பேச்சக் கேக்காததுக்கு உன்னைய வையறதா, என்ன பண்றதுன்னே தெரியல கண்ணு." அவள் கண் கலங்கியிருந்தது. "இங்கயே இருக்கட்டும். எங்க வாசல்ல இத்தனை காத்து வராது."

வீடு காலி செய்கிற பேச்சு அதோடு போயிற்று. அதற்குப் பிறகு வேலாத்தாள் தினமும் ஒருமுறை மாடிக்கு வந்தாள். வந்தால் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினாள்.

ஐப்பசியில் அவள்தான் அதை முதலில் பார்த்தாள். இலைக்கு அடியில் புதிதாக ஒரு முனை. நதியா வேர் என்று நினைத்திருந்தாள். "வேரு முனை உருண்டையா இருக்கும். இது பாரு, கிளி மூக்காட்ட வளைஞ்சிருக்குது. பூத்தண்டு கண்ணு, பூத்தண்டு!" வேலாத்தாளின் குரல் தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. கணியூரில் இருக்கும் உறவுக்காரர்களுக்குப் போன் போட்டு, பொங்கலுக்கு வந்து பூவைப் பார்க்கச் சொன்னாள்.

தண்டு ஒரு விரல் நீளம் வளர்ந்தது. நதியா ஒவ்வொரு காலையும் இலையைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது வாரம் பழைய இலை ஒன்று மறுபடி சுருங்க ஆரம்பித்தது. புது வேர்களில் இரண்டு வளர்வதை நிறுத்திவிட்டன. அவள் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். டேனியலுக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வேலாத்தாளும் வெள்ளியங்கிரியும் மேலே வந்திருந்தபோது சொன்னாள்.

"அம்மா, இந்தத் தண்டை வெட்டிரணும்."

வேலாத்தாள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

"நெசமாத்தாங்கம்மா. செடி இன்னும் தேறல. இலை சுருங்குது பாருங்க. வேரு பத்தாது. இருக்கறதை எல்லாம் பூவுக்குக் குடுத்துட்டுச் செடி போயிரும்."

"மூணு வருசம் இதைப் பூக்க வெச்சவ நானு. எனக்குத் தெரியாதா?"

"பூவைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். வேரை நான் ஏழு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். ஒறம்பரை அல்லாரும் வர்றாங்க. வந்தா இலையைக் காட்டச் சொல்றயா?"

"காட்டுங்க. செத்துப்போன செடிக்கு இலை வந்திருக்குன்னு காட்டுங்க."

வேலாத்தாளின் முகம் மாறியது. "மண்ணுல போட்டு அதைக் கொன்னவளே நீதான். இப்போ வந்த பூவையும் வெட்டுங்கறே. செடி என்னுது நதியா."

நதியாவுக்குச் சுருக்கென்று குத்தியது. "உங்களுதுதாங்கம்மா. வெட்டணும்னு சொல்றது மட்டும்தான் என் வேலை. வெட்டறதும் விடறதும் உங்க கையில இருக்கு."

அப்போது வெள்ளியங்கிரி எழுந்து நின்றார். அவர் மனைவி பேசும்போது எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

"நான் ஒண்ணு சொல்லோணும். மூணு வருசமா நீயும் பட்டையை மாத்தலே. நர்சரிக்காரர் சொன்னாரு, பாதி வேரு அப்பவே அழுகிப்போச்சுன்னு. மண்ணுல போட்டது மிச்சப் பாதி. தொட்டிய ஒடச்சது நானு. இத்தனையும் இருக்க, இந்த அம்முணி பழியெல்லாந் தன் தலையில போட்டுக்கிட்டு, உங்கிட்ட ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு எம் வாயக் கட்டிப்போட்டுது. ஏழு மாசமா என்னால தாங்க முடியல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நெசமா?" என்று வேலாத்தாள் நதியாவைக் கேட்டாள்.

"ஆமாங்கம்மா."

"அப்பவே சொல்லியிருந்தா நான் அத்தனை பேச்சுப் பேசியிருக்க மாட்டேனே. ஏன் சொல்லல?"

"உங்க தொட்டியில என்ன இருந்துச்சோ, நான் கேக்காம மண்ணு போட்டது தப்புத்தானே. அதுக்கு இது பதில் ஆகாதுல்ல."

வேலாத்தாள் இறங்கிப் போனாள். இரண்டு நாள் மாடிக்கு வரவில்லை. நதியாவும் தண்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, வேலாத்தாள் தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து நின்றாள்.

"எங்க வெட்டோணும், காட்டு."

நதியா டிரிம்மரை நெருப்பில் காட்டிக் கொடுத்தாள். அடியிலிருந்து ஒரு விரல்கடை விட்டு வெட்டச் சொன்னாள். வேலாத்தாள் வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெட்டியதும் லவங்கப்பட்டைத் தூளைத் தானே தொட்டு வைத்தாள். பிறகு டப்பாவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முதல்முறையாக, வேர்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

பொங்கலுக்கு உறவினர்கள் வந்தார்கள். பூ எங்கே என்று கேட்டவர்களை எல்லாம் வேலாத்தாள் மாடிக்குக் கூட்டிவந்தாள். டப்பாவைக் கையில் கொடுத்து, எது பழைய வேர், எது புதுசு, வெள்ளி நிறம் என்றால் என்ன, பச்சை என்றால் என்ன என்று கால்மணி நேரம் பாடம் நடத்தினாள். பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினார்கள். பட்டையை மாற்றாமல் விட்டதையும் அவளே சொன்னாள். மண் போட்ட கதையையும் சொன்னாள். அதில் தொட்டியை உடைத்த கட்டம் வரும்போது மட்டும் வெள்ளியங்கிரி எழுந்து வெளியே போய்விடுவார்.

தண்டை வெட்டிய ஒரு மாதத்தில் நின்றுபோன வேர்கள் மறுபடி ஓடத் தொடங்கின. கோடையில் இரண்டு இலை புதிதாக வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலம். ஆடியில் டப்பா போதவில்லை. நதியாவும் வேலாத்தாளும் சேர்ந்து உட்கார்ந்து, புதுப் பட்டை போட்டு, ஒரு சுற்றுப் பெரிய டப்பாவுக்கு மாற்றினார்கள். இந்த முறை ஓர் இலைகூட வாடவில்லை. வேலைக்குப் போகும்போது நதியா மாடிச் சாவியைக் கீழே கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனியில் சரக்கு வாங்கும் பையர் தரப்பு ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருந்தார். நதியா அவருக்குப் பீஸ்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. வேலாத்தாள். ஏதோ அவசரம் என்று நினைத்து ஓரமாகப் போய் எடுத்தாள்.

"கண்ணு, தண்டு வந்திருக்குது. கிளி மூக்கேதான். நல்லாப் பாத்துட்டேன்." வேலாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. "நான் ஆருகிட்டயும் சொல்லல. வெட்டோணுமா, உடறதா? நீ சொல்லு."

"இலை எத்தனைங்கம்மா?"

"ஆறு. அல்லாம் கெட்டியா நிக்குது. சுருக்கமே இல்லை."

"வேரு?"

"இரு, எண்ணறேன்." டப்பாவைத் திருப்புகிற சத்தம் கேட்டது. வெள்ளியங்கிரி பக்கத்தில் நின்று, "அந்தப் பக்கம் ரெண்டு உட்டுட்டே" என்று சொல்வதும் கேட்டது. "பதினாலு. வெளியில தொங்கறதையும் சேத்தாப் பதினாறு. அல்லாத்துக்கும் முனை பச்சை."

தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே நதியா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"விடுங்கம்மா. பூக்கட்டும்."

செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கட்டுப் பீஸைப் பிரிக்கப் போனாள்.